சொந்த கன்சோலின் பூட்டை ஆராய்ந்தால் கேஸ் வருமா?

கேள்வி: சோனியின் பழைய விளையாட்டு கன்சோலான பிளேஸ்டேஷன் 1 வாங்கிச் சரிசெய்து வைத்திருக்கிறேன். ஒரிஜினல் டிஸ்க்குகளில் கீறல் விழுவதால் காப்பி எடுத்தேன், அது ஓடவில்லை. கன்சோல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஆராய்ந்து, அதை ஏமாற்றிக் காப்பியை ஓட வைக்கும் மோட் சிப் நானே செய்து, எல்லாவற்றையும் எழுதி இணையத்தில் போட ஆசை. நண்பன் சிப்பை விற்கலாம் என்கிறான். மாட்டிக்கொள்வேனா? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: ஆராயுங்கள் தம்பி, பயம் வேண்டாம். எனக்குக் கவலை உங்கள் நண்பர் சொல்வதில்தான்.

உங்கள் கன்சோலில் நடப்பது இதுதான். ஒரிஜினல் டிஸ்க்கின் உள்பக்கத் தடம் லேசாக நெளிந்து ஓடும், அந்த நெளிவுக்குள் எஸ்சிஇஏ, எஸ்சிஇஇ என்று நாட்டுக்கேற்ப நான்கு எழுத்துக் குறி ஒளிந்திருக்கும், வீட்டு சிடி ரைட்டரால் அதை எழுத முடியாது என்பதால் காப்பி நின்றுவிடுகிறது. இதுதான் பூட்டு. மோட் சிப் அந்த எழுத்துகளைத் தானே அனுப்பிவிடும்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவில் ‘ஏசி’ உட்பிரிவு, ஒரு மென்பொருளை அது எதற்குத் தரப்பட்டதோ அப்படி இயக்கியபடியே அதன் அடிப்படைக் கருத்தைக் கவனித்து, சோதித்துப் பார்ப்பதை மீறல் இல்லை என்கிறது. ‘ஏஏ’ உட்பிரிவு, சேதமாகிவிடும் என்பதற்காக எடுக்கும் பேக்கப்பை அனுமதிக்கிறது. ஆனால் விளையாட்டில் இசையும் படமும் உண்டே, அவை மென்பொருளா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அதனால் உங்கள் சொந்த டிஸ்க்குக்கு ஒரு காப்பி, அதோடு சரி.

பூட்டை உடைப்பதைப் பற்றிப் பேசுவது 2012-இல் வந்த 65ஏ பிரிவு: இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் உடைத்தவருக்கு உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். அந்த ‘நோக்கம்’ என்ற சொல்லைத்தான் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கான பாதுகாப்பாக நான் பார்க்கிறேன், அது சட்டத்தில் இருப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அமெரிக்காவில் 1998 சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பூட்டைத் திறப்பதே தவறு, திறக்கும் கருவியை விற்பதும் தவறு.

இந்தச் சிப்பே வழக்கான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிப் விற்ற ஸ்டீவன்ஸ் மீது சோனி வழக்குப் போட்டது. காப்பி எடுப்பதை இந்தப் பூட்டு தடுக்கவில்லையே, எடுத்து முடித்த காப்பி ஓடுவதைத்தானே தடுக்கிறது என்று கேட்டு, 2005-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உடனே துள்ள வேண்டாம், அடுத்த ஆண்டே அங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அதற்கு முன்பே 2004-இல் இங்கிலாந்து நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நம் ஊரில் அந்த வாதத்தை வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை திறக்க முடியாது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். 65ஏ கருவி விற்பதைத் தனியாகத் தடை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் 63-ஆம் பிரிவு மீறலுக்குத் தெரிந்தே உடந்தையாக இருப்பவரையும் பிடிக்கும்: ஆறு மாதம் முதல் மூன்று வருடம் சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ‘எந்த காப்பி டிஸ்க்கும் ஓடும்’ என்று ஒரு விளம்பரம் போட்டால் போதும், நோக்கத்தை அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் திறக்க உதவினாலும், அவர் பெயர், முகவரி, எதற்காகக் கேட்டார் என்பதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. அதையெல்லாம் உங்கள் நண்பர் செய்வாரா?

அப்புறம், கட்டுரையைத் தாராளமாக எழுதுங்கள். சோனியின் பயாஸ் கோப்பை (கன்சோலை இயக்கித் தொடங்கும் உள் நிரல்) மட்டும் கூடவே ஏற்றாதீர்கள், அது அவர்கள் நிரல். அமெரிக்கத் தளத்தில் போட்டால் அந்த நாட்டின் 1998 சட்டப்படி புகார் வந்து கட்டுரையே நீக்கப்படலாம், ஒரு பிரதி கையில் இருக்கட்டும். கன்சோல் வாங்கிய ரசீது, ஒரிஜினல் டிஸ்க்குகள், தேதி போட்ட ஆராய்ச்சிக் குறிப்புகள் எல்லாம் பத்திரம். நோட்டீஸ் ஏதாவது வந்தால் நீங்களாகப் பதில் அனுப்பாமல், இவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.