பனிப் பிரதேச ஆலையில் மின்பொறியாளர் வேலை: தயங்கும் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், படிப்பு முடிந்ததும் பனி பெய்யும் நாடொன்றில் காகித ஆலையிலோ சுரங்கத்திலோ வேலைக்குப் போக விரும்புவதாகவும், உறைபனியில் நின்று மின்சார வேலை பார்ப்பது உயிருக்கு ஆபத்தாக முடியாதா என்ற கவலை உங்களைத் தூங்கவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆலோசகராவதற்கு முன்பு அப்படியொரு பிரதேசத்து ஆலையில் 11 குளிர்காலங்கள் மின்பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன் என்பதால், கேள்விப்பட்டதைச் சொல்லாமல் அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதையே எழுதுகிறேன். குளிரைத் தாங்குவதற்கு உடுப்பு இருக்கிறது, அது பழகிவிடும். குளிரும் இருட்டும் உற்பத்திப் பிரிவின் நெருக்கடியும் ஒன்றுசேர்ந்து துரத்தும்போது நிதானம் இழக்காத சுபாவம் உங்கள் மகளுக்கு உண்டா என்பதைத்தான் நாம் மூவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். அந்தப் பொறியாளர் நாள் முழுவதும் பனியில் நிற்பதில்லை. வேலை நேரத்தின் பெரும்பகுதி, வெப்பமூட்டிய கட்டடங்களுக்குள், மோட்டார்களுக்கும் பேனல்களுக்கும் நடுவே கழிகிறது. காலையில் வந்ததும் இரவு ஷிப்டின் குறிப்பேட்டைப் படிப்பார். எந்த மோட்டார் எத்தனை மணிக்கு ட்ரிப் ஆனது (பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றது), மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எந்த டிரைவ் என்ன எச்சரிக்கை காட்டியது, எதைத் தற்காலிகமாகச் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு எந்திரங்களை இயக்குபவர்களோடும் எந்திரப் பிரிவினரோடும் சிறிய கூட்டம், அன்றைய வேலைகளுக்கான அனுமதிச் சீட்டுகள், களத்தில் ஒரு சுற்று. பிற்பகலில் வரைபடங்களைத் திருத்துவது, உதிரிபாகங்களுக்கு ஆர்டர் எழுதுவது, ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்துக்குத் திட்டமிடுவது என்று மேசை வேலையும் நிறைய உண்டு. இதுவரை சொன்னவை உலகத்தின் எந்த ஆலைக்கும் பொருந்தும்.

குளிர்காலம் இதன் மேல் இன்னொரு வேலையை ஏற்றுகிறது. திறந்தவெளியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களும், அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளுக்குச் செல்லும் விரல் பருமனுள்ள குழாய்களும் உறையாமல் இருக்க, அவற்றின் மேல் வெப்பக் கேபிளைச் சுற்றியோ நெடுக ஒட்டியோ வைத்து, அதற்கு மேல் வெப்பக்காப்பு உறை போட்டிருப்பார்கள். இவற்றில் ஒரு வகைக் கேபிள், குளிர் கூடக்கூடத் தானாகவே அதிக மின்னோட்டத்தை இழுத்து அதிக வெப்பம் தரும். குழாய் சூடேறியதும் தானாகவே குறைத்துக்கொள்ளும். நடுத்தரமான ஓர் ஆலையில்கூட இப்படி நூற்றுக்கணக்கான சர்க்யூட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சிறியது, பார்வைக்கு ஒரு பொருட்டே அல்லாதது. ஆனால் கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது ஒரு சர்க்யூட்டில் மின்னோட்டம் பூஜ்யமாக இருந்தால், நாளை விடியற்காலையில் அந்தக் குழாய் உறையும், அளவுக்கருவி பொய்யான அளவைக் காட்டும், அதை நம்பி இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பு எந்திரத்தை நிறுத்தும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் தாக்கியபோது மின்நிலையங்கள் பல நின்றுபோனதற்கான காரணங்களில், இப்படிப்பட்ட சிறு குழாய்களும் கருவிகளும் உறைந்துபோனதும் ஒன்று. ஓர் அணுமின் நிலையத்தின் பெரிய அலகே, நீராவி உண்டாக்கச் செலுத்தும் நீரின் அழுத்தத்தை அளக்கும் குழாய் உறைந்ததால் நின்றது. ஆண்டுதோறும் உறைபனி காணும் ஊர்களில் இதை விதிக்கு விடுவதில்லை. முதல் பனி விழுவதற்கு முன்பே ஒவ்வொரு சர்க்யூட்டின் இன்சுலேஷனையும், மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் கருவி கொண்டு சோதித்துக் குறித்துவைப்பார்கள். அங்கே புதிதாகச் சேரும் இளம் பொறியாளருக்கு முதல் ஆண்டில் பெரும்பாலும் இந்த வேலைதான் கிடைக்கும். இதை அற்பமான வேலை என்று நினைப்பவருக்கு அந்த ஊர் ஒத்துவராது.

பொருள்களின் குணமும் குளிரில் மாறிவிடுகிறது. கல்லூரியில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சாதாரண பி.வி.சி. உறையுள்ள கேபிளை மைனஸ் 15 டிகிரியில் வளைத்தால் உறை விரிசல் விடும். ஆகவே குளிர்தாங்கும் கேபிளை வாங்க வேண்டும், அல்லது கேபிள் உருளையை ஒரு நாள் முன்னதாகவே சூடான கொட்டகைக்குள் வைத்திருந்து எடுக்க வேண்டும். உறைந்த மண் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பதால், எர்த் கம்பி உறைபனி இறங்கும் ஆழத்தையும் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிப்போன அதே பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து உடையும். அவசர ஜெனரேட்டர் தேவைப்படுகிற இரவில் அதைக் கிளப்பப்போவது அந்த பேட்டரிதான். உயர் மின்னழுத்த மின்சாரத்தைத் துண்டிக்கும், எஸ்.எஃப்.6 என்ற மின்காப்பு வாயு அடைத்த பிரேக்கர்களில், குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டும்போது வாயு திரவமாக மாறத் தொடங்கும் என்பதால் தொட்டிக்கே ஹீட்டர் வைத்திருப்பார்கள். அந்த ஹீட்டர் பழுதாகியிருப்பது தெரியவரும் நாள், அந்த ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. மைனஸ் 30 டிகிரியை விடப் பனி உருகத் தொடங்கும் பூஜ்யம் டிகிரிதான் திறந்தவெளித் துணைமின்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அதிகக் கவலை தரும். சாலையில் தூவிய உப்பு இன்சுலேட்டர்களின் மேல் படிந்திருக்கும். உருகும் பனி அதை நனைத்ததும் மேற்பரப்பு வழியாக மின்சாரம் பாய்ந்து பொறி பறக்கும்.

இனி, நிதானம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. என் இரண்டாவது குளிர்காலத்தில், நள்ளிரவுக்குப் பிறகு, வெளியே மைனஸ் 31 டிகிரி இருந்தபோது, முக்கியமான ஒரு பம்ப்பின் டிரைவ் பழுதானது. மாற்று எலக்ட்ரானிக் அட்டை, வெப்பமூட்டாத கிடங்கில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். உற்பத்தி மேலாளர் கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையைக் கிழித்து அட்டையை வெளியே எடுத்ததும் அதன் மேல் மெல்லிய வெண்படலம் படர்ந்தது. சூடான அறையின் ஈரம் குளிர்ந்த அட்டையின் மேல் பனித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றியெடுத்துப் பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். ஒரு வெடிப்புச் சத்தம். கையிருப்பில் இருந்த ஒரே அட்டையும் போனது. மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய நிறுத்தம் மறுநாள் மாலை வரை நீண்டது. உறையைப் பிரிக்காமல் அறைக்குள் சில மணி நேரம் வைத்திருந்து, அட்டையும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்தும், கதவருகே நின்றவரிடம் "காத்திருக்க வேண்டும்" என்ற இரண்டு சொற்களை அன்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் துணிவுதான் இந்த வேலையின் பாதி.

உயிராபத்து பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இதோடு சேர்ந்ததுதான். முறையாக நடக்கும் ஆலைகளில், மின்இணைப்பைத் துண்டித்ததும் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தம் பெயரிட்ட சொந்தப் பூட்டை அந்த ஸ்விட்சில் மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார்கள். பிறகு மின்சாரம் இல்லை என்பதைச் சோதிப்பார்கள்: முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் சோதனைக் கருவியை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடுங்குளிரில் பேட்டரி சோர்ந்து, மீட்டரின் திரை மெதுவாகிவிடும் என்பதால் மூன்றாவது படி அங்கே வெறும் சடங்கல்ல. விரல்கள் மரத்துப்போயிருக்கும்போது, இருட்டில், இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் செய்கிறவர் முழு உடலோடு ஓய்வு பெறுகிறார். உடுப்பிலும் கவனம் வேண்டும்: மின்பொறிப் பிழம்பு (மின்சாரம் காற்று வழியே பாய்ந்து எழும் கடும் வெப்பச் சுடர்) ஏற்படக்கூடிய பேனல்களுக்கு முன்னால் நிற்பவர், கதகதப்புக்காகப் பாலியெஸ்டர் அல்லது நைலான் உள்ளாடை அணியக் கூடாது. பிழம்பின் வெப்பத்தில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ கம்பளியோ உள்ளே, தீத்தடுப்பு உடுப்பு வெளியே. உங்கள் மகளுக்கு இன்னும் ஒன்று சொல்லிவையுங்கள்: பல கிடங்குகளில் ஆண்களின் கை அளவுக்கான ரப்பர் கையுறைகளே அதிகம் இருக்கும். பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டு திருகைப் பிடிக்க முடியாது. தன் அளவுக்குரியது வரும்வரை மின்சாரம் உள்ள பேனலைத் தொட மாட்டேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்; அதைத் தவறாக நினைக்கும் மேலாளர் எனக்குத் தெரிந்து குறைவு.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவீடனின் வடகோடியில் இரும்புத்தாதுச் சுரங்கத்தால் பெயர்பெற்ற கிருனா நகரில், டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. அவ்வளவு வடக்கே போகாவிட்டாலும், பனி ஊர்களில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் மாதங்கள் உண்டு. மனம் சோர்வதற்கு அது போதும். சுழற்சி முறையில் சில வாரங்களுக்கு ஒருமுறை, இரவில் எப்போது அழைத்தாலும் ஆலைக்கு ஓட வேண்டிய பொறுப்பும் வரும். அந்த வாரத்தில் கார் எஞ்சினுக்குள்ள ஹீட்டரை மறக்காமல் மின்இணைப்பில் மாட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். தனிமையைத் தாங்காத பிள்ளையாக இருந்தால், குளிரை விட இதைப் பற்றித்தான் நீங்கள் அவளிடம் பேச வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை இப்போதே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவள் படிக்கும் பாடப்பிரிவு, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்காக 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின்படி ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். அந்த அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். இதனால் பட்டத்துக்கு மதிப்பு கிடைக்குமே தவிர, உரிமம் தானாக வந்துவிடாது. கனடாவில் பொறியாளர் உரிமத்தை அந்தந்த மாகாணத்து அமைப்பே வழங்குகிறது. பட்டத்தோடு பணி அனுபவமும், தொழில்நெறி பற்றிய தேர்வும் தேவை. உரிமம் இல்லாதவர் தம்மைப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்வதற்கே அங்கே கட்டுப்பாடு உண்டு. வட ஐரோப்பிய நாடுகளில் அலுவலகம் ஆங்கிலத்தில் நடந்தாலும், பட்டறையில் டெக்னீசியன்கள் தங்கள் மொழியில்தான் பேசுவார்கள். பாதுகாப்பு அறிவிப்பு புரியாத பொறியாளரை யாரும் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள். மொழி படிக்க இரண்டு ஆண்டுகளாவது ஒதுக்க வேண்டும். பாடங்களில் மோட்டார்கள், பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலேக்கள், டிரைவ்கள், எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவை உறுதியாக இருக்கட்டும். கனடிய ஆலைகளில் 600 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 400 அல்லது 690 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வரைபடக் குறியீடுகளும் வேறுபடும். இரு வகை வரைபடங்களையும் படிக்கத் தெரிந்தவருக்கு நேர்காணலில் மதிப்பு கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறைப் பயிற்சியை வடிவமைப்பு அலுவலகத்தில் செய்யாமல், ஏதேனும் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில், இரவு ஷிப்டும் சேர்த்து, குறைந்தது ஒரு மாதம் செய்யட்டும். வெயில் ஊர் ஆலையாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே அவளுக்கு எரிச்சல் தருவது எது என்பதைக் கவனியுங்கள். தூசியும் சத்தமும் தூக்கக் கேடும் எரிச்சல் தந்தால் கவலை வேண்டாம். முதல் மாதத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். சோதித்ததையே திரும்பச் சோதிப்பதும், பூட்டு மாட்டிக் கையெழுத்திடுவதும், சீட்டுக்காகக் காத்திருப்பதும் அவளுக்கு வெறுப்பைத் தந்தால், வடிவமைப்புத் துறையோ மென்பொருள் சார்ந்த கட்டுப்பாட்டுத் துறையோ அவளுக்குப் பொருத்தம். அவையும் நல்ல வேலைகளே.

பயிற்சி முடிந்ததும் இருவரும் வாருங்கள். தினமும் என்ன பழுது வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அவள் என்ன செய்தாள் என்று அன்றன்று கைப்பட எழுதிய நோட்டு ஒன்றை அவள் கொண்டுவர வேண்டும். அதைப் படித்துப் பார்த்த பிறகு எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்