பசிக்க விடுங்கள்

“அக்கா, என் மகனுக்கு நாலு வயது, 14 கிலோதான். போனில் கார்ட்டூன் போட்டால் நாலு வாய் வாங்குவான். பசி தாங்கமாட்டான் என்று இடையில் பாலும் நாலு கிறீம் பிஸ்கற்றும் கொடுப்பேன். எட்டு வயது மகள் குண்டு. அவளுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டேன். மகனுக்கு எடை வைக்க எந்தப் பால்மா நல்லது?”
— ஒரு தாய், கிளிநொச்சி

தங்கச்சி,

பால்மாவை விடுங்கள். எடை பேணியில் வராது.

‘பசி தாங்கமாட்டான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான். இரண்டு கரண்டி சீனி போட்ட ஒரு கப் பாலும் நாலு கிறீம் பிஸ்கற்றும் 300 கலோரிக்கு மேல். அவனுக்கு ஒரு நாளைக்கே 1200 அளவில் போதும். பதினொரு மணிக்குக் கால்வாசியை முடித்தவன் பன்னிரண்டரைக்கு ஏன் சோறு தின்னப்போகிறான்? அப்போதுதான் நீங்கள் போனைத் தேடுகிறீர்கள். படத்தைப் பார்த்து வாய் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது.

2009இல் போருக்குள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். பசி என்ற சொல்லே பதறவைக்கும். ஆனால் சாப்பாட்டுக்கு முந்திய அரைமணிப் பசி அந்தப் பசியல்ல, தங்கச்சி. அதையும் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள்.

மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு தரம் சிற்றுண்டி: அவித்த கடலையோ வாழைப்பழமோ. இடைவெளி இரண்டரை, மூன்று மணி. நடுவில் தண்ணீர் மட்டும். பால் நாளுக்கு இரண்டு கப், அதுவும் சாப்பாட்டோடு. தேத்தண்ணி வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. தட்டில் இரண்டு மேசைக்கரண்டி சோறு, ஒரு துண்டு மீன், கொஞ்சம் முருங்கையிலை வறை. மிச்சத்தை அவன் கேட்கட்டும். அரைமணியில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். வறையைத் துப்பினால் நாளைக்கும் வையுங்கள். பத்துப் பதினைந்து தரம் வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடும். முதல் நாலு நாள் அழுவான். அம்மம்மா ஒளித்து ஒரு பிஸ்கற் கொடுத்தால் அழுது வாங்கப் பழகிவிடுவான். முதலில் அவவோடு பேசுங்கள்.

14 கிலோ என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறினால் சரி. கிளினிக் கொப்பியில் எடைக் கோடு ஏறாமல் படுத்தாலோ இறங்கினாலோ மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

மகளின் தட்டில் கைவைக்க உங்களுக்கு யார் சொன்னது? தம்பிக்கு ஊட்டுகிற வீட்டில் அக்காவுக்கு அளந்தால் அவள் ஒளித்துத்தான் தின்பாள். இருவருக்கும் ஒரே பானை, ஒரே கறி. சோடாவையும் பிஸ்கற்றையும் வீட்டுக்கே வாங்காதீர்கள். ‘குண்டு’ என்ற சொல்லை இன்றோடு விடுங்கள்.