நடு பிரெட்டைத் தொட்டுப் பாருங்க

கேள்வி: அக்கா, லண்டன் வந்து எட்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை ஆனா ஆபீஸ் ஆளுங்க பப்புக்கு இழுத்துட்டுப் போயிடறாங்க. நான் குடிக்க மாட்டேன், அதனால கிளப் சாண்ட்விச்சும் ஃப்ரைஸும் சொல்லிட்டு உக்காந்துருவேன். போன வாரம் எப்படி இருக்குன்னு டீம் லீட் கேட்டாரு, "நைஸ்"னேன், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 14 பவுண்டு குடுத்து சாப்பிடறேன், நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சு சொல்றது?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: முதல்ல அந்த உயரத்தைப் பாத்து மயங்காதீங்க தம்பி. குச்சி குத்தி கோபுரம் மாதிரி நிக்க வைக்க யாராலயும் முடியும். ஒரு முக்கோணத்தை எடுத்து பக்கவாட்டுல பாருங்க. மூணு பிரெட், ரெண்டு மாடி. ஒரு மாடியில சிக்கன், இன்னொண்ணுல பேக்கன், தக்காளி, லெட்யூஸ், எல்லாத்துக்கும் மயோனைஸ். இதுல நடு பிரெட்தான் பாவப்பட்ட ஜென்மம், ஒரு பக்கம் தக்காளித் தண்ணி, இன்னொரு பக்கம் சிக்கன் சூடு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும். விரலால லேசா அமுக்கிப் பாருங்க. ஈர ஸ்பாஞ்சு மாதிரி உள்ள போச்சுன்னா அந்த கிச்சன்ல யாரும் உங்களை நினைச்சு செய்யலைன்னு அர்த்தம். அக்கறையா செய்யறவங்க மூணையும் டோஸ்ட் பண்ணி கொஞ்ச நேரம் நிமித்தி வச்சு ஆவி போக விடுவாங்க, சுடச்சுட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா அதோட ஆவியே அதை நனைச்சுரும். அப்புறம் மயோனைஸை ஓரம் வரைக்கும் தடவுவாங்க, ருசிக்கு மட்டும் இல்ல, அதுல இருக்கற எண்ணெய் தக்காளித் தண்ணி பிரெட்டுக்குள்ள இறங்காம பாத்துக்கும். நடுவுல ஒரு பொட்டு வச்சு விட்டுட்டா ஓரமெல்லாம் ஊறிப் போயிடும்.

அடுத்து பேக்கன். இங்கிலாந்து பப்புல பாதி கிளப் சாண்ட்விச் கவுறறது இங்கதான். இந்த ஊர்ல பேக்கன்னா பேக் பேக்கன், பன்னியோட முதுகுப் பக்கத்துக் கறி, அகலமா கொஞ்சம் தடியா இருக்கும், காலை டிஃபனுக்கு அருமை. கிளப் சாண்ட்விச்சுக்கு வேண்டியது அது இல்ல, ஸ்ட்ரீக்கி, அதாவது வயித்துப் பக்கம், கொழுப்பு கோடு கோடா ஓடும், வறுத்தா அப்பளம் மாதிரி உடையும். பேக் பேக்கனைக் கடிச்சா அறுபடாது, முழுசா உருவிக்கிட்டு வரும். யார்க்ஷயர் பக்கம் ஒரு பப்புல எனக்கு அப்படி உருவிக்கிட்டு வந்து, கூடவே தக்காளியும் லெட்யூஸும் வந்து, வெள்ளை குர்தாவுல மயோனைஸோட விழுந்துச்சு, எதிர்ல உக்காந்திருந்தது என் வீட்டு ஓனரம்மா. அன்னையிலேருந்து ஸ்ட்ரீக்கியா பேக்கான்னு கேக்காம ஆர்டர் குடுக்கறதில்ல.

சிக்கனைப் பிச்சா நார் நாரா வரணும். ஒரே சைஸ்ல வழவழன்னு வட்டமா இருந்தா பாக்கெட்ல வந்தது. லெட்யூஸ் ஐஸ்பெர்க்கா இருந்தா போதும், நறுக்குன்னு இருக்கும், அவ்ளோதான் அதோட வேலை.

டீம் லீட் மறுபடி கேட்டா "நடு பிரெட் ஊறிப் போச்சு"ன்னு மட்டும் சொல்லுங்க, அப்புறம் அவரே தன் தட்டைத் தூக்கிப் பாப்பாரு.

கேள்வி: அமெரிக்காவுலேருந்து வந்த ஃப்ரெண்டு, ஒரிஜினல் கிளப் சாண்ட்விச்சுக்கு ரெண்டு பிரெட்தான்னு சண்டைக்கு வர்றா. நிஜமா?
- வாசகி, ரீடிங்

பதில்: அவ சொல்றதுல விஷயம் இருக்கு. 1889-லயே நியூயார்க் பேப்பர் ஒண்ணுல யூனியன் கிளப் சாண்ட்விச் பத்தி வந்திருக்கு, அதுல டோஸ்ட் பண்ணின பிரெட் ரெண்டுதான், நடுவுல கோழியோ வான்கோழியோ, கூட ஹாம், அதாவது உப்புல பதப்படுத்தின பன்னிக்கறி, சூடா பரிமாறுவாங்கன்னு. நியூயார்க் மாநிலத்துல சரடோகா ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல இருந்த சூதாட்ட கிளப்லதான் பிறந்துச்சுன்னு இன்னொரு கதையும் ஓடுது. மூணாவது பிரெட் பின்னாடி சேந்துக்கிட்டது. என்னைக் கேட்டா ரெண்டு பிரெட்டே வாய்க்குள்ள ஒழுங்கா போகும், ஆனா பப்புல அப்படிக் கேட்டா காசைக் குறைக்கவா போறாங்க?

கேள்வி: ஃப்ரைஸ் வரும்போது சூப்பரா இருக்கு, அஞ்சு நிமிஷம் பேசிட்டு எடுத்தா தொளதொளன்னு ஆயிடுது. கிச்சன் மேல தப்பா, என் வாய் மேல தப்பா?
- வாசகி, லெஸ்டர்

பதில்: உங்க வாய் மேல பாதி தப்புதான், ஆனாலும் அஞ்சு நிமிஷம் தாங்காத ஃப்ரைஸ் நல்ல ஃப்ரைஸ் இல்ல. ரெண்டு தடவை பொரிக்கணும். முதல்ல 130, 150 டிகிரி செல்சியஸ்ல உள்ள வேகற வரைக்கும், அப்புறம் எடுத்து ஆற வச்சு, கேட்டதுக்கு அப்புறம் 180, 190-ல மேல் தோல் சிவக்க. ஆற வைக்கும்போது மேல் ஈரம் போயிடும், அதனாலதான் மொறுமொறுப்பு நிக்கும். பாக்கெட் ஃப்ரோஸன் ஃப்ரைஸ்னு கேவலமா நினைக்காதீங்க, அது பெரும்பாலும் ஃபேக்டரியிலயே ஒரு தடவை பொரிச்சு வர்றதுதான். பப்பு சொதப்பறது ரெண்டாவது தடவையில, வெள்ளிக்கிழமை கூட்டத்துல கூடை நிறைய கொட்டிருவாங்க, எண்ணெய் சூடு சட்டுன்னு இறங்கிரும், ஃப்ரைஸ் பொரியாம எண்ணெயில ஊறும். தட்டுல பேப்பர் போட்டிருந்தா அதைத் தூக்கிப் பாருங்க, எண்ணெய் குளமா இருந்தா இதுதான் நடந்திருக்கு.

அப்புறம் அந்த குட்டி இரும்பு வாளி! யார் கண்டுபிடிச்சாங்களோ தெரியல, மேல இருக்கற பத்து மொறுமொறு, அடியில இருக்கறது அதோட ஆவியிலயே வெந்து போயிடுது. வந்த உடனே தட்டுல கொட்டிப் பரப்பிருங்க, சாண்ட்விச் மேல சாய்க்காம, இல்லைன்னா அந்த ஆவி டோஸ்ட்டையும் கெடுத்துரும். கறுப்பு பிரவுனா கசப்பா இருந்தா, உருளைக்கிழங்கை ரொம்பக் குளிர்ல வச்சிருப்பாங்க, குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறி எண்ணெயில சீக்கிரம் கருகும்.

மெனுல ட்ரிபிள் குக்டு சிப்ஸ்னு இருந்தா அது வேற ஜாதி. ஹெஸ்டன் ப்ளூமென்தால்ங்கற இங்கிலாந்து செஃப் 1990-கள்ல கொண்டு வந்தது, தண்ணியில வேக வச்சு, அப்புறம் ரெண்டு தடவை பொரிக்கறது, தடியா இருக்கும். இங்க தடியா இருந்தாதான் சிப்ஸ், மெலிசா இருந்தா ஃப்ரைஸ், நம்ம சிப்ஸ் பாக்கெட்டுக்கு க்ரிஸ்ப்ஸ்னு பேரு. ரெண்டும் இருந்தா சாண்ட்விச் கூட ஃப்ரைஸ்தான் கேளுங்க, தடி சிப்ஸும் மூணு பிரெட்டும் சேந்தா அப்புறம் ஆட்டோவுலதான் தூக்கிட்டுப் போகணும், இங்க ஆட்டோவும் கிடையாது.

கேள்வி: நான் மாடு, பன்னி ரெண்டும் சாப்பிட மாட்டேன். பேக்கன் வேண்டாம்னு சொல்லிட்டா போதுமா?
- வாசகர், பிராட்ஃபோர்டு

பதில்: போதாது. உங்க ஏரியா வேற, யார்க்ஷயர்ல பீஃப் டிரிப்பிங், அதாவது மாட்டுக் கொழுப்புல சிப்ஸ் பொரிக்கறது பெருமையான பழக்கம், சிப்ஸ் கடையில சர்வ சாதாரணம், சில பப்புலயும் உண்டு. ஃப்ரையர்ல என்ன எண்ணெய்னு பார்லயே கேட்டுருங்க, கூச்சப்படாதீங்க. சிக்கனும் பேக்கனும் ஒரே கிரில்லான்னும் கேளுங்க.

கேள்வி: நல்லா இல்லைன்னா திருப்பி அனுப்பலாமா?
- வாசகி, குராய்டன்

பதில்: தாராளமா. ஆனா நேரம் முக்கியம். பார்ல காசு குடுத்து டேபிள் நம்பர் சொல்லிட்டு வந்தப்புறம், தட்டு வந்து ரெண்டு வாய் சாப்பிட்டதும் ஒருத்தர் வந்து "எவ்ரிதிங் ஓகே?"ன்னு கேப்பாங்க பாருங்க, அப்ப வாய் நிறைய வச்சுக்கிட்டு தலையாட்டிடாம, அப்பவே சொல்லணும். ஃப்ரைஸ் ஆறிப் போச்சுன்னா பெரும்பாலும் புதுசா போட்டே தருவாங்க. மூணு முக்கோணத்தை முழுங்கிட்டு நாலாவதைத் தூக்கிக் காட்டி "நடு பிரெட் ஈரம்"னு சொன்னா, நானா இருந்தாலும் சிரிப்பேன்.