பன்றியில் சோதித்த ஸ்டென்டை வாப்பாவுக்கு வைக்கலாமா?

கேள்வி: வாப்பாவுக்கு 64 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தம்பி நெட்டில் தேடியபோது ஸ்டென்டுகள் பன்றிகளில் சோதிக்கப்படுவதாக இருந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து வாப்பா வேண்டாம் என்கிறார். ஸ்டென்டில் பன்றிப் பொருள் இருக்கிறதா? பன்றிக்குச் சரிவந்தது மனிதனுக்கும் சரிவருமா?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: வாப்பாவின் பயத்தை முதலில் பார்ப்போம். இப்போது வைக்கும் ஸ்டென்டுகள் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் போன்ற உலோகத்தில் செய்த சிறு வலைக்குழாய்கள். மேலே மருந்து தடவியிருப்பார்கள். அந்த மருந்துகளில் பல சிரோலிமஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிரோலிமஸ் மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து கிடைத்தது. பன்றியில் சோதித்தார்கள் என்பதற்காகப் பன்றி எதுவும் அதற்குள் வந்துவிடாது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டென்ட் வைக்கும்போது இரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் ஹெப்பரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பைவலிருடின் என்ற செயற்கை மருந்து உலகில் உண்டு; உங்களுக்குக் கிடைக்குமா, பொருந்துமா, செலவு தாங்குமா என்பதை டொக்டரிடம் கேளுங்கள். நிர்ப்பந்த நிலையில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மௌலவியிடம் கேளுங்கள். இரண்டையும் அட்மிட் ஆவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாரடைப்பு வந்துவிட்டால் மட்டும் இந்தப் பேச்சுக்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

சரி, ஏன் பன்றி? நாயின் இதயத்தில் ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் கிளைக்குழாய்கள் இரத்தத்தைக் கொண்டுவந்து சமாளித்துவிடும். பன்றிக்கு அந்த வசதி மிகக் குறைவு. அடைபட்ட இடத்துத் தசை செத்துப்போகும். மனிதனிலும் பெரும்பாலும் அப்படித்தான். குழாயின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று, சுமார் 3 மில்லிமீற்றர். அதனால் மனிதனுக்கு வைக்கப்போகும் அதே ஸ்டென்டை, அதே கதீற்றரால் (இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வைத்துப் பார்க்கலாம். வழக்கமாக 28 நாட்கள் கழித்துக் குழாயை மெல்லிய வட்டத் துண்டுகளாகச் சீவி மைக்கிரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். உலோகக் கம்பி ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு திசு படர்ந்திருக்கிறது, எந்தக் கம்பி மூடாமல் கிடக்கிறது, சுற்றி அழற்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பன்றி சில மாதக் குட்டி, குழாய் சுத்தமாக இருக்கும். வாப்பாவின் குழாயிலோ பல வருடக் கொழுப்பும், அநேகமாகச் சுண்ணாம்புப் படிவும் இருக்கும், கூடவே சீனி. ஸ்டென்ட் வைக்கும்போது குழாயில் ஏற்படும் புண் பன்றிக்கு 28 நாளில் ஆறும், மனிதனுக்கு ஆறப் பல மாதங்கள் எடுக்கும். மருந்து பூசிய ஸ்டென்ட் 2002இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. 2006 வாக்கில், வைத்து ஒரு வருடத்துக்குப் பிறகும் சிலருக்கு அதற்குள் இரத்தம் உறைவது பெரிய கவலையானது. பன்றிச் சோதனை அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுபக்கமும் உண்டு: திசு அதிகமாகப் படர்ந்து குழாய் மீண்டும் ஒடுங்காமல் தடுக்கும் சிரோலிமஸ் ஸ்டென்டின் பலன் பன்றியில் சில மாதங்களிலேயே மங்கியது, மனிதரிலோ வருடக்கணக்கில் நின்றது. குழாயைக் கிழிக்குமா, கடுமையாக உறுத்துமா என்பதற்குத்தான் பன்றியின் சாட்சியை நான் நம்புவேன். எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு மனிதரில் நடந்த ஆய்வுதான் வேண்டும். இன்று பரவலாக வைக்கும் ஸ்டென்டுகளுக்கு அது நிறையவே இருக்கிறது.

மனிதக் குழாய் மெதுவாக ஆறுவதால்தான், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு குளிசையையும் பல மாதங்களுக்குத் தருகிறார்கள். நெஞ்சுவலி போய்விட்டது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்; எனக்கு ஸ்டென்டைவிட இதுதான் பயம். பல் பிடுங்கப் போனாலும் இதய டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நோன்பு காலத்தில் நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற முடியுமா என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.