எல் நினோ ஆண்டில் நீலகிரியில் தண்ணீர்ப் பஞ்சம் வருமா?

பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிட வெப்பமடையும் எல் நினோ பற்றிய அறிவிப்பு வந்தாலே ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும் குடிநீர்த் தட்டுப்பாடு உறுதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியில்லை, மலையின் எந்தச் சரிவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர் உள்ளிட்ட மேற்குப் பகுதிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் நனைகின்றன. ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ்வேலி அணையும், குந்தா, பைக்காரா மின்திட்ட அணைகளும் பெரிதும் அம்மழையை நம்பியவை. கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபருக்குப் பின் பெய்யும் வடகிழக்குப் பருவமழை இன்றியமையாதது.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமடைவதே எல் நினோ. அப்போது காற்று மேலெழுந்து மேகம் திரளும் இடமும் கிழக்கே நகர்கிறது. அதனால் நம் பக்கத்தில் காற்று கீழிறங்கும் போக்கு வலுத்து, தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலிகிறது. ஆனால் அதே எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் கூடுதலாகப் பெய்வதே பொதுவான போக்கு. 2015 இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதும் வலுவான எல் நினோ காலத்தில்தான். ஆகவே, மேற்கே அணை நிரம்பாத ஆண்டிலேயே கோத்தகிரி ஓடைகளில் நீர் பெருகவும் கூடும்.

செய்திகள் போதிய கவனம் கொடுக்காத இன்னொன்று, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு. மேற்குப் பகுதி கூடுதலாக வெப்பமடைந்திருந்த 1997இல், எல் நினோ மிக வலுவாக இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை இயல்பை ஒட்டியே இருந்தது. 2016இல் இந்த வேறுபாடு தலைகீழாகியது, பசிபிக்கிலும் எல் நினோவுக்கு நேரெதிரான, மெல்லிய லா நினா நிலவியது. அவ்வாண்டு தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது.

பெய்த நீர் கோடை வரை தங்குவது வேறு கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தகைய மழையில் பெரும்பங்கு மண்ணில் இறங்காமல் ஓடிவிடும். சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் நீரை உறிஞ்சி மெல்ல விடுபவை. அவற்றை அழித்துக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நட்ட சரிவுகளில், கடல் சாதகமாக இருந்த ஆண்டிலும் மார்ச் மாதத்து ஊற்று மெலிந்தால் பசிபிக்கைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஊட்டியில் இருப்பவர் மே மாத இறுதியில் வரும் பசிபிக் நிலவரத்தைப் பார்க்கலாம். கோத்தகிரிக்காரர் செப்டம்பரில் இந்தியப் பெருங்கடல் நிலவரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.