பிரிமணை இல்லாத பானை

கேள்வி: அன்ஸ்டேபிள், வோலடைல், பிரிகேரியஸ் மூன்றுக்கும் என் அகராதியில் 'நிலையற்ற' என்றே போட்டிருக்கிறது. ஒரே பொருளுக்கு மூன்று சொல் எதற்கு? ஆங்கிலேயருக்கு வேறு வேலை இல்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சோம்பியவர் ஆங்கிலேயர் அல்ல, உங்கள் அகராதியைத் தொகுத்தவர்.

பிரிமணை இல்லாமல் வைத்த பானை அன்ஸ்டேபிள். இன்னும் உருளவில்லை, கை பட்டால் உருளும். கோளாறு அதன் அடியிலேயே இருக்கிறது. திறந்த டப்பாவில் கிடக்கும் கற்பூரம் வோலடைல். யாரும் தொடவே வேண்டாம், தானாகவே சிறுத்துக்கொண்டு வரும். 'பறத்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தது அது. மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் கம்ப்யூட்டர் நினைவகத்துக்கும், பொசுக்கென்று கோபம் வரும் ஆளுக்கும் அதுவே பெயர். 2024 ஜூன் 3 அன்று பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை, ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. இந்தக் குதியாட்டமும் வோலடைல்தான்.

பிரிகேரியஸ் வேறு சாதி. லத்தீனில் அதற்கு 'கெஞ்சிப் பெற்றது' என்று பொருள். பிரேயருக்கும் அதே வேர். கொடுத்தவர் மனம் மாறினால் கையிலிருப்பது போய்விடும். 1990 நவம்பரில் பிரதமரான சந்திரசேகரின் அரசு, காங்கிரஸ் வெளியிலிருந்து தந்த ஆதரவில் நின்றது. ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர் இருவர் உளவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் முறுக்கிக்கொண்டது. 1991 மார்ச் 6 அன்று ராஜினாமா. முழுதாக நான்கு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் போதுமாக இருந்தது, பாருங்கள்! அந்த அரசை அன்ஸ்டேபிள் என்றாலும் தவறில்லை. ஆனால் அது யார் தயவில் நின்றது என்ற சேதி அந்தச் சொல்லில் வராது.

நீங்கள் கேட்காத ஒன்று: அன்ஸ்டேபிளுக்குப் பெயர்ச்சொல் இன்ஸ்டெபிலிட்டி. அதை நம்பி 'இன்ஸ்டேபிள்' என்று எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். ஏன் இப்படி என்று அடுத்த கடிதம் போடவும் வேண்டாம்.

'தமிழில் சொல் இல்லை' என்று அகராதிக்காரர் சாக்குச் சொல்ல முடியாது. ஆட்டம் காண்கிற, சட்டென மாறுகிற, பிறர் தயவில் ஓடுகிற என்று மூன்றையும் தனித்தனியே நாம் தினமும் சொல்கிறோம். உங்கள் பிரதியில் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.