வெண்டி ரெனார் பெயரைச் சொல்லிக் காசு கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகர் லா கூர்நெவில் இருக்கிறோம். 15 வயது மகள் உள்ளூர் கிளப்பில் டிஃபென்டராக ஆடுகிறாள். கிளேர்ஃபோன்தேன் என்னும் தேசியக் கால்பந்துப் பயிற்சி மையத்தின் தேர்வில் அவளை எடுக்கவில்லை. "பிரெஞ்சு டிஃபென்டர் வெண்டி ரெனாரையும் அங்கே கழித்துவிட்டார்கள், லியோன் கிளப்தான் எடுத்தது. உங்கள் மகளுக்கும் லியோனில் தேர்வு வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் 3,000 யூரோ கேட்கிறார். 500 கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கொடுத்த 500-ஐயும் திரும்பக் கேளுங்கள்.

15 வயதுப் பிள்ளையின் விளையாட்டு ஒப்பந்தத்தை முடித்துக் கொடுக்க யாரும் காசு வாங்கக் கூடாது. பிரெஞ்சு விளையாட்டுச் சட்டத் தொகுப்பின் எல் 222-5 பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெற்றோரிடமும் வாங்கக் கூடாது, கிளப்பிடமும் வாங்கக் கூடாது. உரிமம் உள்ள ஏஜென்டுக்கும் இதே கதிதான். உரிமமே இல்லாமல் ஏஜென்ட் வேலை பார்த்தால் 2 ஆண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் வரை போகும்.

அவர் சொன்ன ரெனார் கதையில் பாதி உண்மை. கரீபியன் கடலில் உள்ள பிரான்ஸின் மார்ட்டினிக் தீவின் வட கோடியில், பெலே எரிமலை அடிவாரத்தில் உள்ள லெ ப்ரெஷேர் ஊரில் வளர்ந்த பெண் அவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவர். கிளேர்ஃபோன்தேனில் எடுக்கவில்லை என்பதும், 2006-இல் 16 வயதில் லியோனுக்கு வந்தார் என்பதும் சரிதான். ஆனால் அவரைத் தேர்வுக்கு அனுப்பியது அந்தத் தீவின் கால்பந்து லீக்கில் இருந்த தொழில்நுட்ப ஆலோசகர். ஆடவிட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவர் அப்போதைய பயிற்சியாளர் ஃபரித் பென்ஸ்திதி. கட்டணம் வாங்கிக் கூட்டிப்போன ஏஜென்ட் யாரும் அந்தக் கதையில் வரவே இல்லை.

காலமும் வேறு. லியோன் பெண்கள் அணியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 2004-இல்தான். முதல் லீக் பட்டம் 2007-இல். ரெனார் வந்தபோது அது வளர்ந்துகொண்டிருந்த அணி. அதன்பின் அதே அணியில் அவர் 8 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றார். 1.87 மீட்டர் உயரத்தில் தலையால் முட்டி கோல் போடும் டிஃபென்டர் எல்லா வீட்டிலும் பிறப்பதில்லை. உங்கள் மகளின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவரது வாழ்க்கையைக் காட்டி இன்னொரு குடும்பத்திடம் காசு பறிப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் ஓர் அட்டையைக் காட்டினாரா? நன்றாகப் பாருங்கள். ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் கிளப் மூலம் கிடைப்பதும் "லிசான்ஸ்" (உரிமம்) என்ற அட்டைதான். அதைக் காட்டி ஏஜென்ட் உரிமம் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலைப் பிரெஞ்சு கால்பந்துக் கூட்டமைப்பு தன் தளத்தில் வைத்திருக்கிறது. இப்படி ஒரு பட்டியல் இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்ல மட்டும் ஆளில்லை. தேர்வில் விடுபட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஏன் எடுக்கவில்லை என்று நாலு வரி எழுதி, கூடவே இதையும் சொல்லி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? யாரும் வாய் திறக்காத அந்த இடைவெளியில்தான் இந்த ஆட்கள் நுழைகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் "அழைப்புக் கடிதத்தை"யும் நம்பாதீர்கள். கிளப் சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். லியோன் பெண்கள் அணி 2025-இல் ஓஎல் லியோன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடிதத்தில் பழைய பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். புதிய பெயர் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையாகவே ஒரு கிளப்புக்கு உங்கள் மகள் வேண்டுமென்றால், அவள் இப்போது ஆடும் கிளப்பிடம் பேசும்.

அப்போ காசு கேட்டாலே மோசடியா? இல்லை, இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உள்ளூர் கிளப்பின் ஆண்டுக் கட்டணம் நியாயமானது. பள்ளி விடுமுறையில் பெரிய கிளப்புகள் நடத்தும் பயிற்சி முகாமுக்கும் கட்டணம் உண்டு, அதுவும் நியாயமானதே. ஆனால் அது பிள்ளைகள் ஆடி மகிழ்ந்துவிட்டு வரும் முகாம். கிளப்பின் சீருடையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம், அதனால் கிளப்பில் சேர்ந்ததாக ஆகாது. அந்தக் கட்டணத்தையும் கிளப்பின் தளத்திலேயே கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். கிளப் முகாமுக்கு வாங்கும் காசு வேறு, "உள்ளே ஆள் இருக்கிறது" என்று ஒருவர் தன் கணக்குக்கு வாங்கும் காசு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதுதான் இவர்களின் பிழைப்பு.

கிளேர்ஃபோன்தேன் வழியாகவே வந்த டிஃபென்டர்களும் உண்டு. லோரா ஜோர்ஜ் அங்கே பயின்று, அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடி, பிறகு லியோனில் 2011, 2012 சாம்பியன்ஸ் லீக் வென்றார். 2017-இல் கூட்டமைப்பின் பொதுச் செயலாளரும் ஆனார். படிப்பை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி செய்ய வேண்டியது: அவர் நீட்டும் எந்த மான்டா (ஏஜென்டுக்கு அதிகாரம் தரும் ஒப்பந்தம்) தாளிலும் பெற்றோர் கையெழுத்துப் போடாதீர்கள். செய்திகளை அழிக்காமல், 500 யூரோ போன வங்கி விவரத்தோடு எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலைக் கூட்டமைப்பின் ஏஜென்டுகள் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். "தேர்வு நாள் முடியட்டும், பார்க்கலாம்" என்று அவர் இழுத்தால் காத்திருக்காதீர்கள், கடிதத்தை உடனே அனுப்புங்கள்.